.38 ஸ்பெஷல் வாட்கட்டர்: கையை உதைக்காத தோட்டா

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிவால்வரை எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போய் காகிதத்தில் நிதானமாக ஓட்டை போடுவதுதான் உங்கள் ஆசை என்றால், .38 ஸ்பெஷல் பித்தளைக் கூட்டில் 148 கிரெயின் வாட்கட்டர் (தட்டை முகக்) குண்டு உட்கார்ந்திருக்கும் தோட்டாவை மிஞ்சிய சரக்கு எதுவும் இல்லை. பெட்டியாக வாங்கினாலும் சரி, காலிக் கூடுகளைச் சேர்த்து வைத்து வீட்டிலேயே நிரப்பிக்கொண்டாலும் சரி. குறைகளும் இருக்கின்றன, அதில் ஒன்றிரண்டு எரிச்சல் மூட்டக்கூடியவை, அதையும் சொல்கிறேன்.

பார்க்க வேடிக்கையாக இருக்கும். மற்ற தோட்டாக்களில் குண்டு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும், இதில் முழுக் குண்டும் கூட்டுக்குள் இறங்கி, விளிம்போடு விளிம்பாகத் தட்டையாக நிற்கும். முதல்முறை பார்ப்பவர்கள் "குண்டு எங்கே?" என்று கேட்பது வழக்கம். கம்பெனித் தயாரிப்புகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கணக்குதான்: 148 கிரெயின், அதாவது 9.6 கிராம் ஈயம், விநாடிக்குச் சுமார் 700 அடி வேகம். .38 ஸ்பெஷலையும் ஏற்கும் .357 துப்பாக்கியில் போடும் .357 மேக்னம் தோட்டா 158 கிரெயின் குண்டை 1,200 அடிக்கு மேல் தள்ளும். ஆற்றலாகப் பார்த்தால் மேக்னத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எடையுள்ள இரும்புச் சட்ட ரிவால்வரில் இதைச் சுட்டால் உதை என்று சொல்வதற்கே ஒன்றும் இல்லை, உள்ளங்கையில் மெத்தென்று ஒரு தள்ளல், முன் குறி கொஞ்சம் எழும்பித் தானாகவே திரும்பி வந்து அதே இடத்தில் உட்காரும். குண்டு போனபோது குறி எங்கே இருந்தது என்பதைக் கண் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பெரிய உதையில் இது நடக்காது, கண் தானாக மூடிக்கொள்ளும்.

அடுத்து ஓட்டை. உருண்டை மூக்குக் குண்டு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும், ஓரம் பிசிராகி பாதி மூடிக்கொள்ளும். வாட்கட்டரின் தட்டை முகமோ ஆபீஸ் பஞ்ச் மெஷின் போட்டதுபோல வட்டமாக வெட்டி எடுத்துவிடும். வளையக் கோட்டைத் தொட்டதா இல்லையா என்ற தகராறே வராது. மதிப்பெண் போடாமல் சும்மா சுடுபவர்களுக்கும் இதில் லாபம் உண்டு, இருபத்தைந்து கஜத்திலிருந்து பார்த்தால்கூட ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியும்.

இது ஏன் இவ்வளவு சீராகச் சுடுகிறது என்பதற்குக் காரணம் பழைய கதையில் இருக்கிறது. .38 ஸ்பெஷல் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்மித் அண்ட் வெசன் கொண்டுவந்தது, கருமருந்துக் காலத்துக் கூடு. கருமருந்து நிறைய இடம் பிடிக்கும் என்பதால் கூட்டை நீளமாக வைத்தார்கள். இன்றைய புகையில்லா மருந்தோ அதில் அடியில் ஒரு சிட்டிகைதான். மீதி வெற்றிடம். துப்பாக்கியை மேலே தூக்கிப் பிறகு இறக்கினால் மருந்து பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் குப்பி) பக்கம் கிடக்கும், கீழே சாய்த்து நிமிர்த்தினால் குண்டுப் பக்கம் கிடக்கும், இரண்டுக்கும் வேகம் மாறும், குண்டு விழும் இடமும் மாறும். வாட்கட்டர் குண்டு உள்ளே ஆழமாக இறங்கி அந்த வெற்றிடத்தில் பெரும்பகுதியை அடைத்துவிடுகிறது. மருந்துக்கு ஓடியாட இடம் குறைவு, அதனால் ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசமும் குறைவு. மெதுவான தோட்டா துல்லியமாகவும் இருப்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

சரி, வீட்டில் நிரப்புவது. முதலில் சட்டம்: சில நாடுகளில் இது சாதாரணப் பொழுதுபோக்கு, சில நாடுகளில் உரிமம் இல்லாமல் பிரைமரைத் தொட்டாலே குற்றம். உங்கள் இடத்தில் எப்படி என்று தெரிந்துகொண்டு பிறகு மேலே படியுங்கள். மருந்தின் அளவை நான் இங்கே எழுதப்போவதில்லை, அதை மருந்துத் தயாரிப்பாளர் வெளியிடும் கையேட்டில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், எவனோ எழுதியதை நம்பி அல்ல, என்னையும் சேர்த்துத்தான்.

மெல்லிய தோட்டா வேண்டும் என்றதும் பலர் செய்வது, கையில் இருக்கும் மேக்னம் மருந்தையே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்பது. இதை மட்டும் செய்யாதீர்கள். எச்110 போன்ற மெதுவாக எரியும் மருந்துகளை அப்படிக் குறைக்கவே கூடாது என்று அதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனமே எச்சரிக்கிறது. அழுத்தம் போதாமல் மருந்து சரியாக எரியாது, குண்டு குழல் நடுவிலேயே நின்றுவிடும். செம்பு உறை போட்ட குண்டு என்றால் இன்னும் மோசம், குழலோடு உரசல் அதிகம், குறைந்த அழுத்தத்தில் சிக்குவதற்கு வாய்ப்பும் அதிகம். மென்மை வேண்டுமானால் மேக்னத்தைவிடச் சின்னக் கூடு, ஈயக் குண்டு, வேகமாக எரியும் மருந்து, இந்த மூன்றும் ஒன்றாக வர வேண்டும். புல்ஸ்ஐ, டபிள்யூ231, டைட்குரூப் எல்லாம் இதற்கென்றே செய்ததுபோல நடந்துகொள்ளும். புல்ஸ்ஐ மருந்துக்கும் .38 ஸ்பெஷலுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. டிரெய்ல் பாஸ் என்று ஒன்று உண்டு, குட்டிக் குட்டி வளையங்களாக இருக்கும், கூட்டையே நிரப்பிவிடும். மெல்லிய தோட்டாவுக்கு அதைப் புகழாதவர் இல்லை, ஆனால் வாட்கட்டருக்கு ஒத்துவராது. குண்டு உள்ளே இறங்கும்போது அதை நசுக்கும், நசுக்கக் கூடாத மருந்து அது. தவிர இப்போது கிடைப்பதே அரிது.

வேகமான மருந்தின் ஆபத்து என்னவென்றால், ஒரே கூட்டில் இரண்டு முறை ஊற்றினாலும் வழியாது. மூன்று முறை ஊற்றினாலும் இடம் இருக்கும். அப்படி ஒன்று ரிவால்வரின் சுழலும் உருளையான சிலிண்டருக்குள் போனால் துப்பாக்கியும் மிஞ்சாது, விரலும் மிஞ்சாது. அதனால் மருந்து போட்ட கூடுகளை மரப்பலகைக் குழிகளில் வரிசையாக நிறுத்தி, மேலே விளக்கைப் பிடித்து, ஒவ்வொன்றாக உள்ளே எட்டிப் பார்க்காமல் குண்டை வைக்கக் கூடாது. பக்கத்துக் கூட்டைவிட ஒன்றில் மட்டம் ஏறியிருந்தால் கண்ணுக்கு உடனே உறுத்தும், காலியாக இருந்தாலும் உறுத்தும். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கை காட்டி நிறுத்தச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.

குண்டில் இரண்டு வகை. அடிப்பகுதி குழிவானது, அடிப்பகுதி தட்டையானது. குழிவானதுதான் துல்லியத்துக்குப் பேர்போனது, வாயு அந்தக் குழியைச் சுற்றியுள்ள பாவாடை போன்ற விளிம்பை விரித்துக் குழலோடு இறுக்கமாகப் பொருத்திவிடும். ஆனால் மெல்லிய பாவாடை, வேகத்தைக் கூட்டினால் தலை பிய்த்துக்கொண்டு போய் பாவாடை மட்டும் குழலில் தங்கிவிடும். இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகட்டுமே என்ற சபலம் இருப்பவர்கள் தட்டை அடியையே வாங்குங்கள்.

என் புகார் ஒன்று. ஒரு தயாரிப்பாளரிடம் வாங்கிய குண்டுகளில் (பெயர் வேண்டாம்) மெழுகை அள்ளி அப்பியிருந்தார்கள். குண்டை உட்கார வைக்கும் டையின் (அச்சுக் கருவியின்) உள்ளே அந்த மெழுகு கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து அடைகட்டும், கட்டக் கட்ட ஒவ்வொரு குண்டும் முந்தியதைவிட மயிரிழை அதிகமாக உள்ளே இறங்கும். ஆரம்பத்தில் விளிம்போடு நின்ற குண்டு பெட்டி முடியும்போது பள்ளத்தில் கிடக்கிறது. இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை, குண்டு ஆழம் போனால் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஏறும். டையைக் கழற்றிக் கரண்டி விட்டுச் சுரண்டினால் பென்சில் முனை அளவுக்கு கறுப்புக் கட்டி ஒன்று உருண்டு விழும். உலர்ந்த பூச்சு போட்ட குண்டுகளில் இந்தத் தொல்லை கிடையாது, புகையும் குறைவு. காசு கொஞ்சம் கூடினாலும் நான் இப்போது அதன் பக்கம்தான்.

கடைசியில் கூட்டின் வாயைக் குண்டோடு இறுக்கும் வேலைக்கு மேக்னம் அளவு முரட்டுத்தனம் தேவையில்லை. பெரிய உதையில் சிலிண்டரில் காத்திருக்கும் குண்டுகள் முன்னால் நழுவும், அதற்காகத்தான் அந்தப் பிடி. இங்கே நழுவுவதற்கு உதையே இல்லையே. முழுத் தோட்டாவையும் மறுபடி அமுக்கி அளவு சரிசெய்யும் டை சிலரிடம் இருக்கும், மென்மையான ஈயக் குண்டை அது உள்ளேயே இளைக்க வைத்துவிடும், இளைத்த குண்டு குழலில் தொளதொளவென்று போகும், ஈயம் அப்பும். சாதாரண டை போதும். பிரைமர் சரியாக இறங்கியதா என்று ஆள்காட்டி விரலைப் பின்பக்கம் ஓட்டிப் பாருங்கள், துருத்திக்கொண்டு நின்றால் சிலிண்டர் சுழலாது.

கூடுகள் விஷயத்தில் மட்டும் கொடுத்து வைத்தவர்கள் நாம். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் பித்தளை சாவதே இல்லை, திரும்பத் திரும்ப நிரப்பலாம், கடைசியில் வாயோரம்தான் கீறல் விடும். அதைக் கண்ணால் தேடுவதைவிடக் காதால் தேடுவது சுலபம். நாலைந்து காலிக் கூடுகளைக் கையில் போட்டுக் குலுக்கினால் நல்லவை கணீரென்று ஒலிக்கும், கீறல் விட்டது மட்டும் ஓட்டைச் சட்டிபோல சத்தென்று கேட்கும்.

குறைகளுக்கு வருகிறேன். எல்லாத் தோட்டாக்களையும் ஒரே தள்ளலில் சிலிண்டரில் போடும் ஸ்பீட்லோடர் வைத்து வேகமாக நிரப்ப நினைத்தால் நொந்துபோவீர்கள், தட்டை முகம் சிலிண்டர் ஓட்டையின் விளிம்பில் இடித்துக்கொண்டு நிற்கும், மூக்கிருந்தால் அதுவே வழி கண்டுபிடித்துப் போகும். லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளில் பெரும்பாலும் ஏறாது. ஐம்பது கஜத்தைத் தாண்டினால் இதற்கென்று எந்த மரியாதையும் இல்லை. கனமான இரும்புத் தட்டுகளைச் சாய்க்கும் ஆட்டத்தில் குண்டு பட்டும் தட்டு அசையாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். தற்காப்புக்கு வாங்கப் பார்ப்பவர்கள் வேறு விமர்சனம் படிக்கவும்.

முக்கியமான ஒன்று: சத்தம். இந்தத் தோட்டாவே சாது என்பதால், மருந்தில்லாத தோட்டா வெடித்தால் கிடைக்கும் "பொட்" சத்தத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காது பழகிக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்த நொடியில் நிறுத்துங்கள், துப்பாக்கியை இலக்குப் பக்கமே கொஞ்ச நேரம் பிடித்திருங்கள், பிறகு சிலிண்டரைக் காலி செய்து குழலில் கம்பி விட்டுப் பாருங்கள். அடைபட்ட குழலுக்குள் அடுத்த குண்டை அனுப்பிப் பாழான ரிவால்வர்களுக்குப் பஞ்சமே இல்லை. அப்புறம் ஈயம். பிரைமர் புகையிலும் ஈயம், குண்டிலும் ஈயம், கூடுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யும்போது எழும் தூசியிலும் ஈயம். சுட்டுக்கொண்டே தின்பது, நிரப்பிக்கொண்டே டீ குடிப்பது இரண்டும் வேண்டாம், சமையலறை மேசைப் பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

இதுவும் அதிகம் என்று தோன்றும் கைகளுக்கு .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் இருக்கிறது. 1896ஆம் ஆண்டுச் சரக்கு, 100 கிரெயினை ஒட்டிய வாட்கட்டர் குண்டு, இன்றும் 25 மீட்டர் சென்டர்ஃபயர் போட்டிகளில் பலர் கையில் அதுதான். இன்னும் மென்மையாகச் சுடும், ஆனால் கூடுகள் கிடைப்பது கஷ்டம், துப்பாக்கித் தேர்வும் குறைவு. ஏற்கெனவே .357 வைத்திருப்பவர்கள் அதற்காகத் தனியாக ஒரு துப்பாக்கி வாங்கும் அளவுக்கு வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மேக்னம் சுட்டுச் சுட்டு விசையை இழுக்கும்போது கை நடுங்கும் பழக்கம் வந்தவர்களுக்கு இதைக் கண்டிப்பாகச் சிபாரிசு செய்வேன். சிலிண்டரில் இரண்டொரு காலிக் கூட்டைக் கலந்து போட்டு, பார்க்காமல் சுழற்றி மூடிச் சுட்டுப் பாருங்கள். காலிக் கூட்டின் மேல் ஹேமர் விழும்போது குழல் முனை கீழே குனிந்தால் குறை தோட்டாவில் இல்லை. மெல்லிய தோட்டாவோடு இதையே தொடர்ந்து செய்தால் அந்தக் குனிதல் குறைந்துகொண்டே வரும்.

வாங்க நினைப்பவர்கள் எடுத்தவுடன் பிரெஸ், டை என்று நிரப்பும் கருவிகளில் இறங்க வேண்டாம். முதலில் கம்பெனிப் பெட்டி ஒன்று வாங்கிச் சுடுங்கள், துப்பாக்கிக்குப் பிடிக்கிறதா பாருங்கள், கூடுகளைப் பொறுக்கி வையுங்கள், நிரப்புவது அப்புறம். ஒரே நாளில் இரண்டும் சுடுவதாக இருந்தால் மேக்னத்தை முதலில் முடித்துவிடுங்கள். .38 கூடு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் குட்டை, அது சுட்ட இடத்தில் சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் சிலிண்டர் ஓட்டைக்குள்) ஒரு கரி வளையம் படியும், அதன் மேல் நீளமான .357 கூட்டைத் தள்ளினால் முழுசாக இறங்காமல் முரண்டு பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் ஆறு சேம்பரிலும் பித்தளைத் தூரிகையை விட்டு நன்றாகத் தேய்த்துவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.