தில்லிக் கோடையில் மீன் தொட்டிக்கு ஒரு கிளிப் ஃபேன்

மயூர் விஹாரில் மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு, மே மாதத்தில் மொட்டைமாடியின் சூடு இரவிலும் வீட்டுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சென்ற ஆண்டு எங்கள் 100 லிட்டர் தொட்டியின் வெப்பநிலை 34 டிகிரியைத் தொட்ட பிற்பகலில், மூன்று ஆண்டுகளாக வளர்த்த இரண்டு கோல்டு ஃபிஷ்களும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து தவித்தன. ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன், 34 டிகிரியில் 7 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும்; மீனுக்கோ சூட்டில் ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும்.

அந்த இழப்புக்குப் பிறகு, இந்த ஏப்ரலில் நான்கு சிறு விசிறிகள் கொண்ட, 12 வோல்ட்டில் ஓடும், தொட்டியின் விளிம்பில் கவ்வி மாட்டி நீர்ப்பரப்பின் மேல் காற்று வீசச்செய்யும் கிளிப் ஃபேன் ஒன்றை ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்து வாங்கினேன். பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான் இதுவும் வேலை செய்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோகிறது. 100 லிட்டர் நீர் ஒரு டிகிரி குளிர 420 கிலோஜூல் நீங்கினால் போதும். லூ எனப்படும் வறண்ட அனல்காற்று வீசிய மே மாத நாட்களில், அறையின் வெப்பம் 36 டிகிரியாக இருந்தபோதும் தொட்டி நீர் 29 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. கப்பி, ஏஞ்சல் போன்ற வெப்பமண்டல மீன்களுக்கு இது தாங்கக்கூடிய நிலை. குளிர்ந்த நீரை விரும்பும் கோல்டு ஃபிஷுக்கு இது சுகமான வெப்பநிலை அன்று, உயிர் தாங்கும் வெப்பநிலை என்றே சொல்வேன்.

இந்தப் பலன் கிடைக்க மூடியை எடுத்துவிட வேண்டும். மீன் துள்ளி வெளியே விழாமலிருக்க நாங்கள் கொசுவலைத் துணியைக் கட்டியிருக்கிறோம். நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் நீர் ஆவியாகிறது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுவதால், போர்வெல் நீரை ஊற்றி ஈடுசெய்தால் கடினத்தன்மை வாரந்தோறும் ஏறும். ஆகவே ஆர்.ஓ. நீரைக் குடத்தில் ஆறவைத்து ஊற்றுகிறேன். நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீரை நேராக ஊற்றுவது வெந்நீர் ஊற்றுவதற்குச் சமம். பனிக்கட்டி பாட்டில்களை மிதக்கவிடும்படி பலர் சொல்வார்கள்; ஒரு மணி நேரத்தில் நான்கு டிகிரி இறங்கி மறுபடி ஏறுவது, நிலையான 31 டிகிரியைவிட மீனை அதிகம் வருத்தும் என்பது என் அனுபவம்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜன்னலில் ஓடும் கூலர் அறைக்காற்றில் ஈரத்தை நிரப்புவதால், அதே அறையில் இந்த விசிறியின் பலன் பாதியாகிவிடுகிறது. தொட்டியைக் கூலர் இல்லாத பக்கத்து அறைக்கு மாற்றிய பிறகே 29 டிகிரி கிடைத்தது. பொருளின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன்: கிளிப்பின் திருகு 8 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான கண்ணாடியைப் பிடிக்காது, ஒரு விசிறி ஆறாவது வாரத்திலேயே இரையத் தொடங்கிவிட்டதால், படுக்கையறையில் வைக்க இது ஏற்றதல்ல. மின்வெட்டின்போது இன்வெர்ட்டரில் தடையின்றி ஓடியது மட்டும் பெரிய ஆறுதல்.

பருவமழை வந்து காற்றில் ஈரம் ஏறியபின் நிலைமை வேறு. ஜூலையில் விசிறி முழு வேகத்தில் ஓடியும் நீர் ஒரே ஒரு டிகிரிதான் இறங்கியது. அந்த மாதங்களில் உறுதியாகக் குளிர்விக்க வேண்டுமென்றால் பல மடங்கு விலையுள்ள, தொட்டி நீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர்தான் வழி. அதை வாங்க இயலாத நான், விளக்கை ஆறு மணி நேரமாகக் குறைத்து, தீனியை ஒருவேளையாக்கி, காற்றுப் பம்பை இரவு முழுவதும் ஓடவிடுகிறேன்.