கேன் குழுவின் அரிய பதிவுகள்: ஒற்றைத் தட்டா, இரட்டைத் தட்டா?

ஜெர்மனியின் கொலோன் நகரத்துக் ‘கேன்’ ராக் இசைக்குழு, வெளிவராமல் கிடந்த பதிவுகளை 1974இல் ‘லிமிடெட் எடிஷன்’ என்ற ஒற்றை இசைத்தட்டாக வெளியிட்டது. மொத்தம் 15,000 பிரதிகள், 13 பதிவுகள். 1976இல் வந்த இரட்டைத் தட்டின் பெயர் ‘அன்லிமிடெட் எடிஷன்’: அதே 13, கூடுதலாக 6. குறும்புக்காரர்கள்!

சுவை எண்ணிட்ட ‘இ.எஃப்.எஸ்.’ (எத்னலாஜிக்கல் ஃபோர்ஜரி சீரிஸ்) துண்டுகளில்தான் இருக்கிறது. பல நாட்டு இசையை வேண்டுமென்றே போலி செய்தவை. 36ஆம் எண் பழைய அமெரிக்க ஜாஸைக் கிண்டலடிக்கிறது. தட்டில் உள்ள எல்லாமே வாத்திய இசை அல்ல. குழுவின் பாடகர்கள் மால்கம் மூனி, டாமோ சுசுகி குரல்களும் குறுக்கிடும்.

இரட்டைத் தட்டின் ‘கட்அவே’ பதினெட்டு நிமிடம் தாண்டி இழுக்கிறது. எனக்குக் கொட்டாவி வந்தது. சேகரிப்பாளருக்கு முதலாவது. கேட்க மட்டும் என்றால் இரண்டாவதை வாங்கி, ‘கட்அவே’யைத் தாண்டிச் செல்லுங்கள்.