என்னடி சொன்னான்?

போன வாரம்தான் அம்மாவின் காது மிஷின் ரிப்பேர் ஆகித் திரும்பி வந்தது. வலது பக்கம் மட்டும். உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கர் ஈரம் பட்டுப் போய்விட்டதாம். தியேட்டர் ஏசியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, படம் விட்டதும் நேரே சென்னைப் புழுக்கத்துக்குள் வந்தால் டியூபுக்குள் நீர் கோத்துக்கொள்ளும் என்றார் கடைக்காரர். செலவு 4,500 ரூபாய். அன்றைக்குச் சாயந்திரமே அம்பத்தூரில் இருக்கும் தோழி போன் செய்தாள். "எங்கப்பாவுக்கும் மிஷின் வச்சாச்சுடி. டிவி முன்னாடியே உட்கார்ந்திருக்கார். நீதான் அம்மாவை அடிக்கடி படத்துக்குக் கூட்டிட்டுப் போறியே, அப்பாவை எதுக்குக் கூட்டிட்டுப் போகலாம்?"

நாற்பது நிமிடம் பேசியும் சொல்லி முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். 2024 தொடக்கத்திலிருந்து நானும் அம்மாவும் தியேட்டரில் சேர்ந்து பார்த்த படங்களைப் பற்றியது. கதையெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், விமர்சனங்களும் படித்திருப்பீர்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: பேசியது அம்மாவின் காதுக்கு வந்து சேர்ந்ததா?

அம்மாவுக்கு 72 வயது. கும்பகோணத்தில் பிறந்து, கல்யாணமாகி மாம்பலத்துக்கு வந்தவர். வசனம் புரியாத இடத்தில் என் முழங்கையைத் தட்டி, "என்னடி சொன்னான்?" என்று கேட்பார். நான் குனிந்து சொல்வேன். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு வசனம் எனக்கும் போய்விடும். ஒரு படத்தில் எத்தனை முறை கேட்டார் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

முதல் ஆச்சரியம் ஒரு மலையாளப் படம். 2024 பிப்ரவரியில் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. டப்பிங் இல்லாமலேயே சென்னையில் வாரக்கணக்கில் ஓடியது. பாஷையும் தெரியாது, காதும் கேட்காது, அம்மாவை ஏன் அழைத்து வந்தோம் என்று இருந்தது எனக்கு. அம்மா கேட்டது மொத்தமே நான்கு தடவை. குழிக்குள் விழுந்தவனை மேலே இருப்பவர்கள் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிடும் இடங்களில் வசனம் யாருக்கு வேண்டும்? கொடைக்கானலில் நடக்கும் பகுதியில் தமிழும் வருகிறது. 'குணா' பாட்டு வந்தபோது அம்மா வாயசைத்துக்கொண்டே பார்த்தார். முகத்தையும் இடத்தையும் நம்பி எடுத்த படம் காது கேட்காதவருக்கும் போய்ச் சேரும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

'மகாராஜா' அதற்கு நேர்மாறு. நல்ல படம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காலத்தை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு வசனம் விட்டுப்போனாலும், எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்ற பிடி போய்விடும். அம்மாவுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வரும் ஆட்டோவில் முழுக் கதையையும் திரும்பச் சொன்னேன். பிறகு ஓடிடியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் அந்தக் கடைசிக் காட்சிக்கு அழுதார். தியேட்டரில் அழ வேண்டிய அழுகை அது. ஒரு மாசம் தள்ளி வீட்டில் வந்தது.

'கொட்டுக்காளி'யைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். பெர்லின் பட விழாவில் திரையிடப்பட்ட படம், பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கியது. பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், காற்று, சேவல், மனிதர்கள் பேசுவது, அவ்வளவுதான். சூரிக்குத் தொண்டை கட்டிய குரல். அந்தக் கரகரப்புகூட அம்மாவுக்குத் தெளிவாகக் கேட்டது. பேச்சோடு போட்டி போட வேறு சத்தமே இல்லையே! படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அம்மா வலது காதைத் தட்டிப் பார்த்தார், அப்புறம் இடது காதை. மிஷினைக் கழற்றி மறுபடி மாட்டினார். "அந்தப் பொண்ணு பேசறது மட்டும் எனக்குக் கேக்கலடி" என்றார். கேட்காமல் இல்லை, அவள் பேசவே இல்லை. அன்னா பென் நடித்த மீனா படம் முழுக்க அநேகமாக வாயே திறப்பதில்லை. நான் சொன்னதும் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுற்றி எல்லோரும் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, தோழியின் அப்பாவை இதற்கு அனுப்பமாட்டேன். முடிவைச் சொல்லாமல் படம் நின்றதும் அரங்கில் சிலர் கத்தினார்கள். அம்மாவும் கோபத்தோடுதான் எழுந்தார். "அம்புட்டும் கேட்டுச்சு. கடைசியில என்ன ஆச்சுன்னு சொல்லாம அனுப்பிட்டாங்களே." ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அதைச் சொல்லிக் குறைப்படுகிறார்.

இப்போது என் பெரிய கோபத்துக்கு வருகிறேன். பெரிய நாயகர் நடித்த படம் ஒன்றுக்குப் போயிருந்தோம், பெயர் வேண்டாம். இடைவேளைக்கு முன்பே அம்மா இரண்டு மிஷினையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்துவிட்டார். மீதியைச் சத்தமில்லாமலே பார்த்தார். "இப்பத்தான் நிம்மதியா இருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்பதற்காக வாங்கிய பொருளைக் கழற்றினால்தான் ஒரு தமிழ்ப் படத்தைப் பார்க்க முடியும் என்றால் என்ன நியாயம்?

இடைவேளையில் மேனேஜரைப் பார்த்துக் குறைக்கச் சொன்னேன். உடனே குறைத்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் இசை குறைந்தபோது பேச்சு சுத்தமாகக் காணாமல் போனது. தியேட்டரில் ஒலி அளவுக்கு ஒரே ஒரு திருகுதான். 7 என்ற எண்ணில் வைத்துக் கேட்பதற்காகத்தான் படத்துக்கு ஒலி சேர்க்கிறார்கள். சத்தம் தாங்கவில்லை என்று யாராவது புகார் சொன்னால் 5க்கு இறக்குகிறார்கள். அப்போது வெடிச் சத்தத்தோடு கிசுகிசுப்பும் சேர்ந்தே இறங்கிவிடும். பேச்சுக்கு மேல் இசையை ஏற்றி வைத்துப் படத்தை அனுப்பினால் தியேட்டர்காரர் என்ன செய்வார்? 2024 நவம்பரில் 'கங்குவா' வந்தபோது இது ஊரறிந்த விஷயமானது. ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தியேட்டர்களுக்குத் தயாரிப்பாளரே தெரிவிக்க வேண்டி வந்தது. ஆஸ்கர் வாங்கிய ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டி, சத்தப் போட்டியில் கலை மாட்டிக்கொண்டிருப்பதாக வெளிப்படையாக வருத்தப்பட்டார். நல்ல காது உள்ளவர்களே காதைப் பொத்திக்கொண்ட பிறகுதான் இதெல்லாம் நடந்தது. அம்மா மாதிரி ஆட்கள் எத்தனையோ வருஷமாகப் பொத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று உண்டு. சென்னையில் நாங்கள் போகும் மல்டிப்ளெக்ஸில் தமிழ்ப் படத்துக்குக் கீழே எழுத்து ஓடுகிறது, ஆங்கிலத்தில். தமிழ் தெரியாதவர்களும் பார்க்கட்டும், நல்ல விஷயம்தான். ஆனால் அம்மா தினமும் காலையில் தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர். அந்த எழுத்து மட்டும் தமிழில் இருந்தால் ஒருமுறைகூட என் முழங்கையைத் தட்ட மாட்டார். தமிழ்நாட்டில், தமிழ்ப் படத்துக்கு, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவருக்குப் படிக்க ஒரு வரி இல்லை. காது கேளாதவர்களும் பார்வையற்றவர்களும் தியேட்டரில் படம் பார்க்க வசதி செய்ய வேண்டும் என்று 2024 மார்ச்சிலேயே மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. எழுத்து வரிகளும் அதில் இருக்கின்றன. நாங்கள் பார்த்த ஒரு படத்திலும் தமிழ் எழுத்தை நான் பார்க்கவில்லை.

சரி, நல்லதைச் சொல்கிறேன். எண்ணிக்கைப்படி முதலிடம் 'மெய்யழகன்'. அம்மா கேட்டது பூஜ்யம் தடவை. ராத்திரி, கிராமம், இரண்டு ஆண்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், ஒருவர் முடித்த பிறகு மற்றவர் பேசுகிறார். கோவிந்த் வசந்தாவின் இசை பேச்சு ஓயும் வரை காத்திருக்கிறது. கார்த்தி "அத்தான், அத்தான்" என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அம்மா சிரித்தார். பெயர் நினைவில்லாமல் அரவிந்த்சாமி சமாளிக்கும் இடங்களில், "இப்படித்தான் நம்ம ஊர்க் கல்யாணத்துல எனக்கும்" என்று எனக்கே கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். தியேட்டரில் அம்மா எனக்குச் சொல்லி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். நாங்கள் பார்த்தது முதல் வாரத்தில். நீளம் என்று பலர் சொன்னதும் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். நீளம் உண்மைதான், நானும் ஒருமுறை மணி பார்த்தேன். ஆனால் போனது பேச்சு. எப்போதாவது ஒருமுறை அம்மாவுக்கு முழுசாகக் கேட்கிற மாதிரி பேசினார்கள், அதில் போய்க் கை வைத்தார்களே என்று இன்னும் ஆறவில்லை.

'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் முதல் அரை மணி நேரம் சிரமப்பட்டார், ஈழத் தமிழ் காதுக்குப் பிடிபடவில்லை. அப்புறம் திடீரென்று முகம் மலர்ந்தது. "இலங்கை வானொலியில பேசுவாங்களே, அந்த மாதிரி!" சின்ன வயதில் கும்பகோணத்து வீட்டில் ராத்திரி பகலாகக் கேட்ட குரல்கள். அதன்பிறகு கேள்வியே இல்லை. 'அமரன்' பாதிப் பாதி. துப்பாக்கிச் சண்டை முழுக்க நான்தான் சொன்னேன், சாய் பல்லவி அழும்போது எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

இவ்வளவு கணக்கும் வைத்துக்கொண்டு, அப்பாவை எதற்குக் கூட்டிட்டுப் போகலாம் என்ற தோழிக்கு நான் சொன்ன பதில் 'லப்பர் பந்து' மாதிரி ஒரு படம். அதில் அம்மா கேட்டது இருபது தடவைக்கு மேல், அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, அரங்கு நிறைந்த காட்சி. அட்டகத்தி தினேஷ் மட்டையோடு வர, 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலித்ததும் கூட்டம் எழுந்து நின்று கத்தியது. விசிலில் அடுத்த ஐந்து நிமிட வசனம் போயே போச்சு. பக்கத்து சீட்டுப் பையன் தன் நண்பனிடம், "என்னடா சொன்னான்?" என்று கேட்டான். அது அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தார். அன்றைக்கு அங்கே யாருக்குமே கேட்கவில்லை. வெளியே வந்து, "இன்னொரு தடவை போலாமா?" என்றார். போனோம்.

அதனால் தோழி, கூட்டத்தோடு கூட்டமாகக் கூட்டிப் போ. டிக்கெட் எடுக்கும்போது பக்கவாட்டுச் சுவரை ஒட்டி எடுக்காதே, அங்கே ஸ்பீக்கர் காதருகில் இருக்கும். பேச்சு பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. அதனால் நடு வரிசை, நடு சீட், திரையிலிருந்து முக்கால்வாசி தூரம். மிஷின் கொடுத்தவரிடம் தியேட்டருக்கென்று தனியாக ஒரு செட்டிங் போட்டுத் தரச் சொல், பல மிஷின்களில் அந்த வசதி உண்டு. படம் முடிந்ததும் கூட்டத்தோடு வெளியே வராதே. வராந்தாவில் பத்து நிமிடம் உட்காரவைத்து, மிஷினைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துவிட்டு அப்புறம் வெயிலுக்குள் இறங்குங்கள். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.