களியக்காவிளைப் பக்கத்துக் கடற்கரைகள்: எங்கே இறங்கலாம், எங்கே நின்று பார்க்கலாம்

ஒவ்வொரு மே மாதமும் மதுரையிலிருந்து அண்ணன் குடும்பம், குமரி மாவட்டத்தின் கேரள எல்லையில் களியக்காவிளைக்குப் பக்கத்தில், படந்தாலுமூட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். பையைக் கீழே வைப்பதற்குள் பிள்ளைகள், "அத்தை, கடலுக்கு எப்போது போகிறோம்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எங்களுக்குக் கடலுக்கு இரண்டு வழி. கொல்லங்கோடு வழியாக இறங்கினால் தமிழ்நாட்டுக் கடல். பாறசாலை தாண்டிப் போனால் கேரளக் கடல். 1956-இல் மாநில எல்லை பிரிந்தபோது கரைதான் பிரிந்தது, தண்ணீர் பிரியவில்லை. அதனால் இரண்டு பக்கமும் பதினைந்து வருடமாகப் போய் வருகிறேன்.

முன்பெல்லாம் மணல் சுத்தமா, கூட்டம் குறைவா என்று மட்டும் பார்ப்பேன். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது. அந்த மணலில் நாங்களும் எத்தனையோ முறை விளையாடியிருக்கிறோம். அந்த நாள்களில் இந்தக் கரைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, சொல்லாமல் கொள்ளாமல் இங்கே வந்து ஏறும். மீனவர்கள் வைத்த பெயரையே விஞ்ஞானிகளும் எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வரும். அதாவது பள்ளி விடுமுறையில். இப்போது வீட்டை விட்டுக் கிளம்பும் முன், ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்க்காமல் நான் பிள்ளைகளை வண்டியில் ஏற்றுவதில்லை.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் என் மனம் முட்டத்துக்குத்தான் போகும். அலைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் பாறைகள், மேலே கலங்கரை விளக்கம். மாலை ஐந்து மணிக்குப் போய் உட்கார்ந்தால் சூரியன் தண்ணீருக்குள் இறங்கும் வரை எழுந்திருக்க மனம் வராது. ஆனால் அது உட்கார்ந்து பார்க்கும் கரை. பாறையில் பாசி வழுக்கும். அலை எந்த உயரத்துக்கு ஏறும் என்று கணக்கே கிடையாது. பாறை நுனியில் நின்று படம் எடுக்காதீர்கள். குளச்சல் வரலாற்றுக்காகப் பார்க்க வேண்டிய இடம். 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த கரை அது. நினைவுத் தூணைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் காட்சி அழகுதான், ஆனால் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து மீன்பிடிப் படகுகளே கவிழ்ந்திருக்கின்றன. கடலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே அந்த நிலை என்றால் குளிக்க வருபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே மீன் வாங்குங்கள், திரும்பி வாருங்கள்.

இனி கேரளப் பக்கத்துப் பூவார். வெளியூர்க்காரர்கள் அதிகம் கேட்பதும் இதைப் பற்றித்தான். அகத்தியமலையில் பிறந்த நெய்யாறு கடலைத் தொடும் இடம். படகுத்துறையில் ஏறினால் கண்டல் மரங்களுக்கு நடுவே, தென்னை நிழல் விழுந்த தண்ணீரில் போகலாம். நீர்க்காகம் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். மீன்கொத்தி ஒன்று எங்கள் படகுக்கு முன்னால் கிளை கிளையாகத் தாவிக்கொண்டே வந்தது. கடைசியில் மணல்திட்டில் இறக்கிவிடுவார்கள். நாங்கள் அதைப் பொழி என்போம். பக்கத்து ஊரின் பெயரே பொழியூர்.

அந்தப் பொழியின் மேல் ஒரு முறையாவது நிற்க வேண்டும். இடது கைப்பக்கம் ஆறு, பால் விடாத கட்டன் சாயா நிறத்தில், ஓசையே இல்லாமல் கிடக்கிறது. வலது கைப்பக்கம் கடல், நிலம் அதிர அடிக்கிறது. நடுவில் ஒரு வீட்டு முற்றம் அளவுக்கு மணல். மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் ஏறினால் இந்த மணல் முறிந்துவிடும். கடல் அடங்கிய பிறகு அலையே மணலைக் கொண்டுவந்து மறுபடியும் கட்டும். அதனால் போன வருடம் நீங்கள் நின்ற இடம் இந்த வருடம் இருக்காது. கடலோரத்துக்குப் போய்ப் பாருங்கள்: கரை சாய்வாக இல்லை, படி இறங்குவதுபோல் சட்டென்று சரிகிறது. அலை தூரத்தில் உடையாமல் காலடியிலேயே வந்து உடைகிறது. திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலுள்ள மணலை உருவிக்கொண்டு போகிறது. என் முழங்கால் நனைவதற்குள் இரண்டு அடி தள்ளாடிவிட்டேன். அங்கே குளிக்கக் கூடாது. ஆற்றுப் பக்கமும் வேண்டாம்; பொழி திறந்திருக்கும் நாளில் நீரோட்டம் கடலை நோக்கி இழுக்கும்.

படகுச் சேவையைப் பற்றி ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். முதல் முறை நாங்கள் ஏறிய தனியார் படகில் பெரியவர்கள் அளவில்தான் மிதவை அங்கி இருந்தது. எட்டு வயதான என் மகளுக்கு மாட்டியபோது கழுத்து வழியாகவே கழன்று வந்தது. "சேச்சி, ஆழம் இல்லை, பயப்படாதீங்க" என்றார் படகோட்டி. நான் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். கொடுத்த முன்பணம் திரும்பக் கிடைக்கவில்லை. அது போகட்டும். அடுத்த முறை வேறொரு படகில், குழந்தைகள் அளவு அங்கியைக் கண்ணால் பார்த்து, பட்டையை மாட்டி இழுத்துப் பார்த்த பிறகே பணத்தை எடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கட்டணத்தில் பேரம் உண்டு. எங்களிடம் முதலில் கேட்ட தொகையில் பாதிக்கே ஒத்துக்கொண்டார்கள். எத்தனை மணி நேரம், பொழியில் இறக்குவார்களா என்பதையும் ஏறும் முன்பே பேசிவிடுங்கள். காலை எட்டு மணிக்குள் போனால் பறவை பார்க்கலாம். உச்சி வெயிலில் போனால் இயந்திரச் சத்தம்தான் மிஞ்சும்.

பூவாரிலிருந்து கோவளம் போகும் வழியில் ஆழிமலைச் சிவன் கோயில் வரும். பாறை மேல் 58 அடி உயரத்தில் கங்காதரேசுவரர். அம்மா கும்பிட்டுவிட்டு, நிழலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விழிஞ்ஞத்தில் இப்போது பெரிய துறைமுகம் வந்துவிட்டது. தூரத்தில் நிற்கும் கப்பல்களை எண்ணுவதே பிள்ளைகளுக்கு வேலையாகிவிட்டது.

காலை நனைக்க வேண்டும் என்றால் கோவளம்தான் என் தேர்வு. கூட்டம் அதிகம், கடைகளில் விலையும் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லைட்ஹவுஸ் கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். சிவப்புக் கொடி பறக்கும் இடத்தில் யாராவது இறங்கினால் விசில் ஊதி வெளியே வரவைக்கிறார்கள். அண்ணன் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். எனக்கு அந்த விசில் சத்தம் நிம்மதியாக இருந்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடல் கொந்தளிக்கும், அப்போது இங்கேயும் இறங்க முடியாது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, மூட்டு வலி. மணலில் நடப்பது சிரமம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாடகைக்கு எடுத்து, உயிர்காப்பாளர் கைகாட்டிய இடத்தில் ஈர மணல் ஓரமாகப் போட்டோம். அலை வந்து கணுக்காலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. திரும்பும்போது மணலில் கோலம் விழுந்தது: கறுப்பு இழை, அதன் மேல் பொன்னிற இழை, மறுபடி கறுப்பு. இல்மனைட் என்ற கனிமம் கலந்த கறுப்பு மணல் கனமானது. லேசான மணலை அலை இழுத்துப்போக, அது மட்டும் தங்கிவிடுகிறது. நம் மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்து எடுப்பதும் இந்த மணலைத்தான். அம்மா குனிந்து ஒரு பிடி அள்ளி, விரல் இடுக்கில் வழியவிட்டார். "அரிசியில் எள்ளைக் கலந்த மாதிரி இருக்கிறது" என்றார்.

சாப்பாட்டுக்குக் கடற்கரை உணவகங்களில் உட்காராமல், மேலே சாலைக்கு ஏறி வந்து ஒரு சிறிய கடையில் மயக்கிய மரச்சீனியும் (மசித்த மரவள்ளிக்கிழங்கு) சாளைக் குழம்பும் (மத்தி மீன்) வாங்கினோம். புளிக்குக் குடம்புளி. அண்ணனுக்கு முதல் வாயில் பிடிக்கவில்லை, பிறகு இன்னொரு தட்டு கேட்டார். இருட்டுவதற்குள் வீடு வந்துவிட்டோம். அம்மா காலைக் கழுவ மறுத்து, மணலோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.