நெடுந்தீவிலிருந்து பெரியாஸ்பத்திரி வரை

லண்டனில் பள்ளிக்கூட விடுமுறை ஆகஸ்டில்தான் வரும். நெடுந்தீவுக்கு அது நல்ல மாதம் இல்லை. சோளகக் காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கிற காலம். யாழ்ப்பாணப் பக்கத்துக் குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம், அதில் பாதி நேரம் மகள் என் மடியில் சத்தி எடுத்தாள். ஊருக்கு வந்துவிட்டுப் பெரியம்மாவைப் பார்க்காமல் போக முடியுமா? போனோம்.

இரண்டாம் நாள் பின்னேரம் பெரியம்மாவுக்கு நெஞ்சு நோ. கடைசிப் படகு போய்விட்டது. தம்பி ஓட்டோவைக் கொண்டுவந்தான். அங்குள்ள பிரதேச வைத்தியசாலையில் ஈசிஜி எடுத்துப் பார்த்த டொக்டர், மருந்தைக் கொடுத்த கையோடு போனை எடுத்தார். "யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவேணும்."

நான் இருப்பது கிழக்கு லண்டனில். வைட்சப்பல் றோயல் லண்டன் ஆஸ்பத்திரிக் கூரையில் சிவப்பு ஹெலி ஏறி இறங்குவது எங்களுக்கு அன்றாடக் காட்சி. 1989 இல் தொடங்கிய சேவை. பெரும்பாலும் சனம் கொடுக்கிற காசில் ஓடுகிறது. டொக்டரும் பராமெடிக்கும் சேர்ந்து வருவார்கள். தேவைப்பட்டால் றோட்டோரத்திலேயே நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்வார்கள். இருட்டினால் ஹெலி இல்லை, கார்தான். அந்த நினைப்பில், "ஹெலி வராதோ?" என்று கேட்டுவிட்டேன்.

டொக்டர் சிரிக்கவில்லை. "கடல் மோசமெண்டால் விமானப்படையைக் கேப்பம். முந்தி வந்து ஏத்தியிருக்கினம். இண்டைக்கு நேவி படகு விடலாமாம்."

போரைக் கண்ட எங்கள் வயதுக்காரருக்கு அந்த நேவி உடுப்பைக் கண்டால் வயிறு கலங்கும். அது லேசில் போகாது. துறையில் ஒரு லைற் கூட இல்லை. யாருடைய பொறுப்போ தெரியாது, எல்லோரும் போன் வெளிச்சத்தில் நின்றோம். படகு மேலே எழும்புகிறது, கீழே போகிறது. ஸ்ட்ரெச்சரைப் பிடித்திருந்த நாலு நேவிப் பெடியன்களும் ஒன்றும் பேசாமல் அலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். படகு துறை மட்டத்துக்கு வந்த நொடியில் ஒருவன் சிங்களத்தில் "ஹரி", சரி, என்றான். அவ்வளவுதான், பெரியம்மா படகுக்குள் இருந்தா.

சேலைன் போத்தலைக் கொழுவ அங்கே இடமில்லை. கூட வந்த தாதிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வலக்கையால் போத்தலைத் தூக்கிப் பிடித்து, இடக்கையைப் பெரியம்மாவின் மணிக்கட்டில் வைத்தபடி தரையில் இருந்தா. உப்புத்தண்ணி முகத்தில் அடிக்கிறது, துடைக்கக் கை இல்லை. "தாங்கோ, நான் பிடிக்கிறன்" என்றேன். "நீங்கள் ஆடுவியள் அண்ணை. போத்தல் பதிஞ்சுதெண்டால் ரத்தம் குழாயில மேல ஏறும்" என்றா. உண்மைதான், ஆடிக்கொண்டுதான் இருந்தேன்.

குறிகட்டுவானில் அம்புலன்ஸ் கதவைத் திறந்து வைத்தபடி நின்றது. இது '1990' அம்புலன்ஸ் இல்லை, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி ஓடுகிற வண்டி. வீட்டிலோ றோட்டிலோ ஒருவர் விழுந்தால் அழைக்கிற இலவச இலக்கம்தான் 1990. இந்திய உதவியோடு 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 இல் எங்கள் பக்கம் வந்தது. அதில் சாரதிக்குப் பெயர் 'பைலட்'. இந்த மனுசன் கடலுக்கு நடுவே போகிற வாணர் தாம்போதியில் ஓடின ஓட்டத்துக்கு அந்தப் பெயரை இவருக்கும் கொடுக்கலாம்.

போகிற வழியில் எண்ணிப் பார்த்தேன். ஓட்டோ, தீவு ஆஸ்பத்திரிக் கட்டில், துறை வரை வண்டி, படகு, அம்புலன்ஸ். ஓட்டத்தில் யாரும் சுணங்கவில்லை. ஏற்றி இறக்குகிற இடங்களில்தான் நேரம் கரைந்தது. ஹெலி வந்திருந்தால் அதில் இரண்டு மூன்று குறைந்திருக்கும். ஆனால் லண்டன் ஹெலி ஆகாயத்தால் கொண்டுவருகிற டொக்டர் இங்கே முதலே தீவில் இருந்தார். அவர் அங்கே இல்லாமல் ஹெலி மட்டும் வந்து என்ன செய்திருக்கும்?

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்தார்கள். விடிய மூன்று மணிக்கு, "இனிப் பயமில்லை" என்றார்கள். வெளியே வந்தால் அந்தத் தாதி வாங்கில் இருந்தபடி நித்திரை. நனைந்த செருப்பு பக்கத்தில் கிடந்தது. காலைப் படகு வரும்வரை அவவுக்கும் தீவுக்குப் போக வழியில்லை.

விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். காசு நீட்டினேன், வாங்கவில்லை. ஒரு பிளேன்டீ குடித்தா, இடக்கையால். வலக்கை இன்னும் தூக்க முடியவில்லையாம்.