தக்காளி: செடியிலேயே பழுக்கவிடுவதா, நிறம் திரும்பும்போதே ஆய்வதா?

களுவாஞ்சிக்குடிப் பக்கம் வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் எங்களுக்கு இது ஓயாத வழக்கு. செடியில் முழுதாய்ச் சிவந்த பழத்தின் இனிப்பே தனி, சரி. ஆனால் அதற்குள் அணில் முந்திவிடும். மாரியில் வேர் திடீரென நீரை உறிஞ்ச, பழம் வெடித்தும் போகும்.

அடிப்பக்கம் இளஞ்சிவப்பு தெரிந்ததும் ஆய்ந்தால் சுவையில் பெரிய நட்டமில்லை. காயே தன்னைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை உண்டாக்கி வீட்டுக்குள் பழுத்துக்கொள்ளும்; வெயில் தேவையில்லை. சொல்லப்போனால் வெக்கை 30 பாகை செல்சியசைத் தாண்டினால் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது. செடியில் விட்டது மஞ்சள் பாய்ந்து நிற்க, நிழலில் வைத்தது நன்றாகச் சிவக்கும். பிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், பழுப்பது நின்றுவிடும்.

என் கை இப்போது இரண்டாவதுக்குத்தான் போகிறது. அவசரப்பட்டு முற்றாத முழுப்பச்சையை ஆய்ந்துவிட்டால் அது சரியாகப் பழுக்காது, பால்கறிதான்.