கிம்ப்பில் வில்லுப்பாட்டு சிடி உறை: ஆறு ஆண்டு அனுபவம்

2019 ஆடி மாதம். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாமா ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிறவர். குழுவில் முதன்மையாகப் பாடும் அண்ணாவி, முத்துப்பட்டன் கதையைப் பாடிப் பதிவு செய்து வைத்திருந்தார். கோவில் கொடைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க 200 சிடி போட வேண்டும், உறைக்கு டிசைன் வேண்டும் என்று பேச்சு வந்தது. "மருமவனே, நீதான் கம்ப்யூட்டர்ல படம் போடுதியே, நீயே செஞ்சிரு" என்றார் மாமா. அன்று கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளைத் திறந்தவன் இன்னும் அதில்தான் வேலை செய்கிறேன். இதே மாதிரி வேலை எடுக்கப்போகும் மாணவர்களுக்கு என் அனுபவம் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கிம்ப்பைத் தேர்ந்தெடுக்கப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கல்லூரி லேபில் பழைய போட்டோஷாப் இருந்தது, ஆனால் மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வீட்டில் இருந்தது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி, 4 ஜிபி ரேம். 2013க்குப் பிறகு போட்டோஷாப்பின் புதிய பதிப்புகள் சந்தாவில்தான் கிடைக்கின்றன. மாதாமாதம் கட்ட என்னால் முடியாது. கிம்ப் இலவசம். அதுவும் 1995இல் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது என்று படித்தபோது எனக்கு ஒரு தனிப் பிரியமே வந்துவிட்டது.

முதல் சோதனை எழுத்தில். லேபில் இருந்த போட்டோஷாப்பில் 'கொடை' என்று யுனிகோடில், அதாவது எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டில் அடித்தேன். ஒற்றைக்கொம்பு கானாவுக்குப் பின்னால் போய் நின்றது, ஐகாரம் டானாவுக்கு வலப்பக்கம் ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்த பதிப்புகளில் தெற்காசிய எழுத்துக்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதை மாற்றினால் தமிழ் சரியாக வரும். அன்று அந்தப் பழைய பதிப்பில் எனக்கு அது கிடைக்கவில்லை. ஊரில் பல ஸ்டுடியோக்களில் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்துச் சமாளிக்கிறார்கள். உறையில் அது அழகாகவே இருக்கும், ஆனால் அதே வரியை யூடியூபில் ஒட்டினால் ஒரு எழுத்தும் புரியாது. கிம்ப்பில் யுனிகோடு தமிழ் முதல் நாளிலிருந்தே உடையாமல் வந்தது. தமிழில் வேலை செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய விஷயம் வேறு எதுவும் இல்லை என்பேன்.

அடுத்தது அளவு. நான் படத்தை முதலில் அழகாகச் செய்துவிட்டு, பிறகு பெட்டிக்குள் அடக்கப் பார்த்தேன். அப்படிச் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் பெட்டியின் முன் தாள் 120 மி.மீ. சதுரம். பின் தாள் 151க்கு 118 மி.மீ., அதில் இரண்டு ஓரமும் ஆறரை மி.மீ. மடிந்து முதுகாக நிற்கும். வெட்டும்போது கத்தி சற்று விலகினாலும் வெள்ளை தெரியாமல் இருக்கச் சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் விட வேண்டும். ஆக 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) முன் தாளுக்கு 1488 பிக்சல் சதுரம், பின் தாளுக்கு 1854க்கு 1465. இந்த எண்களைப் போட்டு வெறும் கோப்பைத் திறந்து, மடிப்பு வரும் இடங்களில் வழிகோடுகள் இழுத்து வைத்த பிறகுதான் படத்தைத் தொட வேண்டும். என் முதல் டம்மியில் முதுகு எழுத்தில் பாதி பின்பக்கம் போய்விட்டது. டவுனில் ஒரு காலிப் பெட்டி வாங்கி, ஏ4 தாளில் அச்சிட்டு, வெட்டி, மடித்து உள்ளே வைத்துப் பார்த்தபிறகுதான் சரியானது.

படம் சேர்த்த கதை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் பட்டவராயன் சன்னதி இருக்கிறது. முத்துப்பட்டன்தான் அங்கே பட்டவராயனாக நிற்கிறார். பக்தர்கள் அவருக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொண்டு, மாடுகளைக் காக்கப் போய் உயிர்விட்டவரின் கதைக்கு அந்தச் செருப்பைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தோன்றவில்லை. முன்னால் ஒரு ஜோடிச் செருப்பு, பின்னால் அந்தி நேரத் தாமிரபரணி, மேலே வளைவாக வில். வில்லில் கட்டிய மணிகளை ஒவ்வொன்றாகப் பாத் டூலால் (கையால் கோடு வரைந்து தேர்ந்தெடுக்கும் கருவி) சுற்றி வெட்ட மூன்று இரவு ஆனது. தானாகத் தேர்ந்தெடுக்கும் கருவிகள் வெண்கலத்தையும் பின்னால் இருந்த மணலையும் பிரிக்கத் தெரியாமல் திணறின. அழிக்காமல் மறைத்து மட்டும் வைக்கும் லேயர் மாஸ்க் இருந்ததால் தப்பாக வெட்டியதையும் மறுபடி கொண்டுவர முடிந்தது. குழுவினர் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும், அச்சுக்கு ஆகாது. டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

முதல் ப்ரூஃபை மாமாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு. என் குடத்த எங்கலே?" என்றார். தலைப்புக்கு அடியில் குடம் மறைந்திருந்தது. அவர் கேட்டது நியாயம்தான், குடம் இல்லாமல் வில்லுப்பாட்டு ஏது? தலைப்பைச் சின்னதாக்கி மேலே ஏற்றி, குடத்தைத் தனி லேயராக (அடுக்காக) முன்னால் கொண்டுவந்தேன். உறையே அப்புறம்தான் நிறைந்தது.

அச்சில்தான் அடி விழுந்தது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது: சிவப்பு, பச்சை, நீலம். அச்சகம் நான்கு மையால் காட்டுகிறது: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. திரையில் மினுங்குகிற நீலமும் வயல் பச்சையும் அந்த நான்கு மையின் எல்லைக்குள் வராது. என் அந்தி நேர நீலம் மங்கிப்போய் வயலட்டாக வந்தது. பின் அட்டையின் சிறிய கறுப்பு எழுத்துகள் நான்கு மையும் கலந்து அச்சானதால், தாள் மயிரிழை நகர்ந்த இடத்தில் எல்லாம் ஓரத்தில் நிறம் பிசிறியது. பிரஸ்ஸில் இருந்த அண்ணன் பொறுமையாக உட்காரவைத்து விளக்கிச் சொன்னார். கிம்ப் உள்ளுக்குள் ஆர்ஜிபியில்தான், அதாவது திரையின் மூன்று நிறத்தில்தான் வேலை செய்கிறது. இந்த வேலைக்கு அதன் பெரிய குறை இதுதான். அச்சில் நிறம் எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டும் வசதி கிம்ப்பின் 2.10 பதிப்பிலேயே உண்டு, அச்சகத்தின் நிறக்கோப்பைக் கேட்டு வாங்கி அதில் கொடுக்க வேண்டும். நான் அதைத் தெரிந்துகொண்டதே அந்த 200 உறையும் அச்சான பிறகு.

அன்றிலிருந்து வேலையைப் பிரித்துக்கொண்டேன். படம் மட்டும் கிம்ப்பில். எழுத்து, மடிப்பு, பிளீட் எல்லாம் பக்கம் வடிவமைக்கும் ஸ்கிரைபஸில், அதுவும் இலவசம்தான். அங்கே சின்ன எழுத்துக்குத் தனிக் கறுப்பு மட்டும் கொடுத்து, சிஎம்ஒய்கே (அந்த நான்கு மை) பிடிஎஃப் எடுத்து அனுப்புகிறேன். ஸ்கிரைபஸின் பழைய 1.4 வரிசையில் தமிழ் உடையும், 1.5 வரிசையிலிருந்து சரியாக வருகிறது. கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பை அப்படியே அச்சகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே கோரல்டிராவும் போட்டோஷாப்பும்தான் இருக்கும். போட்டோஷாப்பின் பிஎஸ்டியாகச் சேமித்தால் எழுத்து லேயர்கள் படமாகிவிடும், கடைசி நேரத்தில் ஒரு எழுத்துப்பிழையைக்கூட அங்கே திருத்த முடியாது.

இன்னும் இரண்டு மனக்குறை. கிம்ப் தானாகக் கோப்பைச் சேமிப்பதில்லை. மென்பொருள் நொறுங்கினால் மீட்டுத் தரும், மின்சாரம் போனால் தராது. என் மடிக்கணினியின் பேட்டரி செத்திருந்த ஓர் ஐப்பசி மாதம், இடி மழையில் கரண்ட் போய் ஒரு மாலை வேலை முழுக்கப் போனது. அதிலிருந்து கை தானாகக் கண்ட்ரோல் எஸ்ஸுக்குப் போகிறது. இன்னொன்று, 4 ஜிபி ரேமில் நிறத் துல்லியத்தை 32 பிட்டில் வைத்து வேலை செய்யப் பார்த்தால் ஊர்ந்துதான் போகும், 8 பிட்டில் வைத்தால் தாங்கும்.

2025 மார்ச்சில் கிம்ப் 3.0 வந்தது. முன்பெல்லாம் தலைப்பில் ஒரு சொல்லை மாற்றினால் நிழலையும் மறுபடி போட வேண்டும். இப்போது நிழல் எழுத்தோடு சேர்ந்தே மாறுகிறது, பிடிக்காவிட்டால் அணைத்துவைக்கலாம். எழுத்துக்கு ஓரக்கோடு போடுவதும் எளிதாகிவிட்டது. டிஃப், ஜேபெக் கோப்புகளைச் சிஎம்ஒய்கேயில் எடுக்கவும் முடிகிறது. இந்த மூன்றும் 2019இல் இருந்திருந்தால் எனக்குப் பல இரவு மிச்சமாகியிருக்கும்.

இப்போது சிடி கேட்பவர்கள் குறைவு. பென்டிரைவ் ஒட்டிய அட்டை கேட்கிறார்கள், பாட்டுச் செயலிகளில் ஏற்ற 3000 பிக்சல் சதுரப் படம் கேட்கிறார்கள். போன மாதம் அண்ணாவி அதே முத்துப்பட்டன் கதைக்கு அட்டை கேட்டார். 2019இன் கோப்பை 3.0இல் திறந்தேன். செருப்பு, ஆறு, வில், ஒவ்வொரு மணி, மாமாவின் குடம் என்று எல்லா லேயரும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஆற்றின் நீலத்தை மட்டும் அச்சுக்குத் தோதாகக் கொஞ்சம் குறைத்து அனுப்பினேன்.